தொட்டு நடிக்கும் காட்சியா? முதலில் பேசிவிடுங்கள்

நான் நாடக மேடை நிர்வாகி. அணைப்பு, அடிதடி, முத்தம் எதுவானாலும் ஒத்திகைக்கு முன்பே நடிகையிடம் தனியாகக் கேட்டுவிடுவேன்: எங்கே தொடலாம், எங்கே கூடாது? இயக்குநர் முன்னால் கேட்டால் பலரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் அசைவுகளை நடன அடவு மாதிரி எண்ணி அமையுங்கள்: வலது கை தோளில், 3 எண்ணும் வரை, பிறகு விலகல். நாடகப் பிரதியிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். மேடையில் யாராவது புதிதாக எதையாவது சேர்த்தால் அன்றிரவே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். "பாத்திரமாகவே மாறிட்டேன்" என்பதெல்லாம் செல்லாது.

நேற்றைய சம்மதம் இன்றைக்கும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் திரை விலகுமுன் அந்த அசைவுகளை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிறுத்தச் சொல்ல ஒரு சொல்லும் இருக்கட்டும்.

உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டுமா? அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.