வாவித் தீவுகளுக்கு ஊழியத்துக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்குள்ளும் அதன் ஓரங்களிலும் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்கு கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தெல்லாமோ ஊழியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். மனம் நல்லதுதான். ஆனால் அவர்கள் செய்துவிட்டுப் போகிற பிழைகளுக்கு, அவர்கள் போன பிறகும் அதே ஊரில் இருந்தாக வேண்டிய நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் பேச்சு வாங்குகின்றன.

முதல் பிழை, இயேசுவைப் பற்றி இங்கே நாம்தான் முதன்முதலில் சொல்ல வந்திருக்கிறோம் என்ற நினைப்பு. மட்டக்களப்பு டவுனின் நடுவான புளியந்தீவே ஒரு தீவுதான். 1814இல் அங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதற்கும் முன்னால் போர்த்துக்கேயர் காலத்திலேயே கத்தோலிக்கம் வந்துவிட்டது, போர்த்துக்கேயம் பேசுகிற பறங்கியர் இன்றைக்கும் டவுனிலேயே இருக்கிறார்கள். ஆகவே வந்ததும் பக்கத்துப் பங்கு ஃபாதரையும் போதகரையும் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்து, புது ஆத்துமா என்று தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புகிற வேலை இங்கே நிறைய நடக்கிறது. அதற்குப் பெயர் ஊழியம் இல்லை.

அடுத்தது வீட்டு ஜெபக்கூட்டம். இந்தப் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில், சீதனமாக வந்ததாக இருக்கும். கலியாணம் முடித்து வந்த ஆண் மனைவி வீட்டில் இருப்பவர், சுற்றிவர அவளுடைய தாயும் தங்கச்சிமாரும் இருப்பார்கள். வீட்டுக்காரரைத் தோணியடியில் கண்டு, அண்ணே உங்கட வீட்டில கூட்டம் வைப்போமா என்று கேட்டு அவரும் தலையாட்டிவிட்டார் என்பதற்காகக் கதிரைகளோடு போய் இறங்கினால், உள்ளே மாமியாரின் முகம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்த மாமியாரிடம் கேட்க வேண்டும், அதுவும் முதலில். இன்னொன்று, இரவு வலைக்குப் போய் விடியத் திரும்பியவர்கள் காலை பத்து மணிக்குத் தூங்குவார்கள். அந்த நேரத்தில் படலையைத் தட்டாதீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். இங்கே இந்துக் கோயில் வெறும் கும்பிடும் இடமில்லை, எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, எந்தத் திருவிழா, எந்த உரிமை என்று குடிவழியாக ஓடுகிற ஒழுங்கு அது. ஒருவர் விலகினால் சகோதரங்களுக்கும் மச்சான்மாருக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும். ஒரு வருடம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும், அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தியும் நடக்கிற நாட்களில் ஒலிபெருக்கி கட்டி நற்செய்திக் கூட்டம் வைப்பதும், அம்மனைப் பிசாசு என்று பிரசங்கிப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த அம்மனை நம்பித்தான் உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரி பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி தொடங்கி அம்பாறைக் கரையில் கல்முனை, திருக்கோவில் வரைக்கும் உதவி வந்து குவிந்தது. நல்ல மனதோடு கொடுத்தவர்கள் ஏராளம். ஆனால் அரிசிப் பைக்கு மேல் துண்டுப்பிரசுரம் வைத்தவர்களும், பொருள் கொடுக்குமுன் ஜெபத்தில் உட்காரச் சொன்னவர்களும் இருந்தார்கள், அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்ததும் அதே 2004இல்தான், சுனாமிக்கு முன்னமேயே; அதாவது சந்தேகம் ஏற்கெனவே இருந்தது, நாம் எண்ணெய் ஊற்றினோம். வருஷக் கடைசியில் மழை வெள்ளம் இங்கே அடிக்கடி வருவதுதான். அப்போது உலர் உணவு கொடுப்பதென்றால் கிராம சேவகரின் பட்டியல்படி, எல்லா வீட்டுக்கும், ஜெபமில்லாமல் கொடுங்கள். ஜெபம் வேண்டியவர் தானாகக் கேட்பார். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குருக்களைப் பாருங்கள். வெபர் அடிகளாரின் பெயரில் ஒரு மைதானமே இருக்கிறது. ஹெபேர்ட் அடிகளார் 1990இல் சாரதியோடு காணாமல் போனார், இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைப்பவர்களில் இந்துப் பழைய மாணவர்கள் எத்தனையோ பேர்.

கண்மூடிக் கைகூப்பி நிற்கிற பிள்ளைகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு நன்கொடை கேட்பது தனிக் கொடுமை. அந்தப் பிள்ளையின் சித்தப்பா சவுதியிலோ கட்டாரிலோ இருந்து அதைப் பார்ப்பார், மறுநாள் ஊரில் சண்டை. கடன் கொடுக்கவும் வேண்டாம், கொடுத்தால் கடன் வாங்கியவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பைப் பிரசங்கத்தில் இழுத்து, பக்கத்து முஸ்லிம் ஊர்களுக்கு எதிராகப் பேசாதீர்கள். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம்.

கட்டிடம் போடுகிற ஆசை இருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கேட்கும் 2008 சுற்றறிக்கையைக் காட்டித்தான் பல இடங்களில் கூட்டங்களை நிறுத்தியிருக்கிறார்கள். காணியை உங்கள் சொந்தப் பெயரில் எழுதவே வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருப்பது. ஓல்ட் வந்து ஒரு வருடம்கூட ஆகாமல் 1815இல் இறந்துபோனார். உங்களுக்கு இடமாற்றம் வரலாம், விசா முடியலாம். வந்த முதல் வருடத்திலேயே ஊர் ஆட்கள் இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, கூட்டம் நடத்தவும் வரவுசெலவு எழுதவும் பழக்கிவிடுங்கள், சாவியில் ஒன்றையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.