வண்டி மேல் பழைய ஃபைன் இருக்கிறதா? பார்ப்பதும் முடிப்பதும் எப்படி

என் அத்தை மகன் தன் ஸ்கூட்டரைப் புதுச்சேரியில் இருக்கும் நண்பருக்கு விற்றான். டிஎன் 31 வண்டி பிஒய் 01 ஆக மாற வேண்டுமானால் கடலூர் ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பித்தபோதுதான் மூன்று ஃபைன் நிலுவையில் இருப்பது தெரிந்தது. ஆர்சியில் இருந்தது அவன் எப்போதோ விட்டுவிட்ட பழைய செல் நம்பர். எஸ்எம்எஸ் எல்லாம் அதற்குத்தான் போயிருக்கிறது. "ஆறு மாசம் தாண்டினா கேஸ் நிக்காதுன்னு சொன்னாங்களே அண்ணா" என்றான். இதை நம்பிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் பாருங்கள்

ஃபைன் சீட்டுக்குப் பெயர்தான் சலான். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைக் கொடுங்கள். கூடவே சேஸிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும். இரண்டும் ஆர்சியில் இருக்கும். தினமும் கடலூர்-புதுச்சேரி எல்லையில் ஆல்பேட்டை தாண்டி, முள்ளோடை வழியாக வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் போலீஸ் வேறு வேறு, வண்டி எண் ஒன்றுதான்.

முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று கவனியுங்கள். "உங்களுக்கு ஃபைன் வந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம். அது பணத்தைத் திருடும் வேலை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

2. சலானைப் படியுங்கள்

தேதி, இடம், சட்டப்பிரிவு, படம் எல்லாவற்றையும் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. கட்டுவதற்கான கெடு தேதி சலானிலோ நோட்டீஸிலோ இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆறு மாதக் கணக்கு

இந்தப் பேச்சு ஒரேயடியாகப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 514ஆம் பிரிவு கால வரம்பு சொல்கிறது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. ஹெல்மெட் போடாதது முதல் வகை. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு என்பதால் அது இரண்டாவது வகை.

ஆனால் இந்த வரம்பு வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுப்பதற்கானது. நீங்கள் பணம் கட்டாமல் காத்திருப்பதற்கான கெடு இல்லை. புகார் உரிய நாளுக்குள் தாக்கலாகிவிட்டால் போதும், வழக்கு அதன்பின் எத்தனை வருடம் நடந்தாலும் செல்லும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாள் கடந்துவிட்டது என்று நினைத்தால் அதை நீதிபதி முன் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் நிலுவை தானாக அழியாது.

4. கட்டுங்கள், அல்லது எதிர்த்துப் பேசுங்கள்

தப்பு உங்களுடையது என்றால் ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் 1,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இப்படி முடியாது, நீதிமன்றம் போயே ஆக வேண்டும். முதல் முறை அபராதம் 10,000 ரூபாய்.

சலான் ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தளத்திலேயே அந்த நிலை காட்டும். சம்மன் வந்தால் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் வாரண்ட் வரலாம். அபராதம் என்று தீர்ப்பான பிறகும் கட்டாவிட்டால் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சமரசத்துக்கு உரிய வழக்குகளை மக்கள் நீதிமன்றத்திலும் (லோக் அதாலத்) முடிக்கலாம். கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அடுத்த அமர்வு எப்போது என்று கேளுங்கள், சட்ட உதவி பற்றியும் அங்கேயே கேட்கலாம். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

5. கட்டிய பிறகு

ரசீதைப் பதிவிறக்கி வையுங்கள். சில நாள் கழித்து மறுபடி தளத்தில் பார்த்து, கட்டியதாக மாறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் ஆர்சியில் இப்போதைய செல் நம்பரைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முதல் படியைச் செய்துவிடுங்கள். விற்கிறவர்களோ, பெயர் மாற்றம் முடியும்வரை விடாமல் பின்தொடருங்கள். ஆர்சியில் உங்கள் பெயர் இருக்கும்வரை, ஓட்டியது யார் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி உரிமையாளர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தை மகன் மூன்றையும் கட்டி, நிலுவை நீங்கிய பிறகுதான் என்ஓசி கைக்கு வந்தது. புதுச்சேரி நண்பர் அதுவரை பொறுமையாக இருந்தார்.