தோள்பட்டை எக்ஸ்ரே: உள்ளங்கையை நம்பாதீர்கள்

தோள்பட்டை எக்ஸ்ரேவுக்குக் கையை வெளிப்பக்கம் திருப்பும்போது உள்ளங்கையைப் பார்க்காதீர்கள். முழங்கையின் இரு பக்கமும் துருத்தும் எலும்பு மேடுகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு டிடெக்டருக்கு (படம் பதியும் தட்டுக்கு) இணையாக இருந்தால் பொசிஷன் சரி. முன்கை தனியாகவே சுழலும் என்பதால், உள்ளங்கை முன்னால் பார்த்தாலும் மேற்கை எலும்பு திரும்பாமலே இருக்கலாம். அந்த மேடுகள் மேற்கை எலும்பின் பகுதியே, ஏமாற்றாது. சரியாகத் திரும்பியிருந்தால் படத்தில் கிரேட்டர் டியூபர்கிள் (மேற்கை எலும்பின் மேல்முனையில் உள்ள பெரிய மேடு) வெளி ஓரத்தில் துருத்தித் தெரியும். உள்பக்கம் திருப்பினால் அதே கோடு டிடெக்டருக்குச் செங்குத்தாக வர வேண்டும். அப்போது படத்தில் மேற்கை எலும்பின் தலை பல்பு போல உருண்டையாகத் தெரியும். (பின்பக்கம் நழுவிய தோளிலும் இதே பல்பு வரும், குழம்ப வேண்டாம்.)

எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ சந்தேகமாக இருந்தால் கையைத் திருப்பவே கூடாது. இருக்கிற நிலையிலேயே எடுத்துவிட்டு, அப்புறம் ஸ்கேப்புலர் ஒய் வியூ (தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் ‘Y’ வடிவில் காட்டும் படம்) எடுங்கள்.