இதயம் மாற்றிய பிள்ளை வளரும்போது நாம் விடுகிற தவறுகள்

என் தங்கையின் மகளுக்குச் சென்னையில் இதயம் மாற்றி, உப்புவெளி வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுகிறோம். முதல் தவறு அந்தக் கோட்டிலேயே நடந்தது. கிழமைக்குக் கிழமை அளந்தோம், சில நாள் செருப்போடும். கோடு ஏறவில்லையென்று தங்கை அழுவாள். வெறுங்காலோடு, குதிக்கால் சுவரில் பட, 3 மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். பருவமடைவதற்கு முந்திய வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வதே வழமை. 4 செ.மீ.க்கும் குறைந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் பக்கத்திலிருக்கும் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இவர்களில் பலர் சத்திரசிகிச்சைக்கு முன்பே, சாப்பாடு செல்லாமல், மூச்சு வாங்கி, உயரத்தில் பின்தங்கியவர்கள். அப்புறம் கொடுக்கிற பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை எலும்பு நீள்வதை மந்தமாக்கும், பசியையும் கூட்டும். கன்னம் உப்பினதும் "பிள்ளை நல்லா வந்திட்டாள்" என்பார்கள். அது உடம்பு வைத்தது, வளர்ச்சி அல்ல.

ஆகப் பெரிய தவறு, வளரட்டும் என்று அந்தக் குளிசையை நாமே நிறுத்துவது. நீண்ட நாள் எடுத்தவருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் புது இதயத்தை நிராகரிக்கவும் தொடங்கலாம். வைத்தியர்கள் மெல்ல மெல்லக் குறைப்பார்கள், அப்படிக் குறைத்த பிறகு பல பிள்ளைகள் விட்ட வளர்ச்சியைப் பிடித்துவிடுகிறார்கள். முகம் வீங்குகிறதென்று வளர்ந்த பிள்ளைகள் தாங்களே குளிசையை ஒளிப்பதும் உண்டு. ஏசாமல், பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

புது இதயத்தை உடல் நிராகரிக்காமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து டாக்ரோலிமஸ். இரத்தத்தில் அதன் அளவு பார்க்கப் போகும் காலையில் அதை விழுங்கிவிட்டுப் போவதும் நாங்கள் செய்ததுதான். இரத்தம் எடுத்த பிறகே அன்றைய குளிசை. பிள்ளையின் எடை மாற மாற மருந்தின் அளவும் மாறும் என்பதால் இந்தக் கணக்கு பிசகக் கூடாது.

அதே வகை மருந்தான சைக்ளோஸ்போரின் எடுக்கும் பிள்ளைக்கு மேலுதட்டிலும் கையிலும் மயிர் அடர்த்தியாக வரலாம். பருவம் வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள், அது மருந்தின் வேலை. பெண்பிள்ளைக்கு மார்பு அரும்புவதும், ஆண்பிள்ளைக்கு விதை பெருப்பதும்தான் தொடக்கம். 13 வயதாகியும் பெண்ணுக்கோ, 14 ஆகியும் ஆணுக்கோ அது தொடங்காவிட்டால் காட்டுங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். பிந்துவது இந்தப் பிள்ளைகளிடம் உள்ளதுதான். யாரோ சொன்னார்களென்று ஹோர்மோன் ஊசிக்கு ஓட வேண்டாம்.

நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபீனலேட் கருவைப் பாதிக்கும். வயதுக்கு வந்த பெண்ணிடம் இதை வெட்கப்படாமல் சொல்லிவைக்க வேண்டியது தாயின் பொறுப்பு.

எங்கள் பிள்ளை பெரியபிள்ளையானபோது அம்மம்மா வழக்கப்படி பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வேப்பிலை உருண்டையும் எடுத்துவந்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்புக்குப் பச்சை முட்டையின் கிருமி பொல்லாதது. மூலிகைகள் சில மருந்தின் அளவைக் குழப்பும், எதுவானாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மனிசி அரை நாள் பேசவில்லை. பின்னேரம் முட்டையை அவித்து, தானே கோது உரித்து, உளுத்தங்களியோடு கொண்டுவந்து ஊட்டிவிட்டார்.