வீட்டுக்குப் பின்னால் டிரைவ் துரு வரப்போகிறதா? பினாங்கில் ஆட்சேபம் தெரிவிக்கும் முறை

மாநகர் மன்றத்திலிருந்து வரும் கடித உறையை மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு என்று எண்ணிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்ப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில், காரில் இருந்தபடியே உணவு வாங்கிச் செல்லும் டிரைவ் துரு வசதியுடன் ஒரு துரித உணவகம் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு அந்த உறைக்குள் இருந்தால், அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள்களுக்குள் உங்கள் ஆட்சேபம் எழுத்து மூலம் மன்றத்தைச் சென்றடைய வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின், அதாவது சட்டம் 172இன், பிரிவு 21(6) விதிக்கும் கெடு இது. மேல்முறையீட்டு உரிமையை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு விண்ணப்பதாரருக்கும், முன்பே முறைப்படி ஆட்சேபம் தெரிவித்திருந்த பக்கத்து நில உரிமையாளருக்கும் மட்டுமே தருவதால், கெடுவைத் தவறவிட்டவர் பின்னர் எவ்வளவு நியாயம் பேசினாலும் அந்த வாசல் அவருக்குத் திறக்காது.

பக்கத்து நிலம் என்பதற்குச் சட்டம் தரும் பொருளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விண்ணப்ப மனையை ஒட்டியிருக்கும் நிலங்களும், 20 மீட்டருக்கு மிகாத அகலமுள்ள சாலை, சந்து, கால்வாய் அல்லது ஒதுக்கு நிலம் மட்டும் இடையில் இல்லாவிட்டால் ஒட்டியிருந்திருக்கும் நிலங்களும் இதில் அடங்கும். மனைக்குச் செல்லும் வழி முட்டுச்சாலையாக இருந்தால், மனையின் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் அச்சாலையைப் பயன்படுத்தும் நில உரிமையாளர்களும் சேர்வார்கள். அறிவிப்பு பதிவுபெற்ற உரிமையாளரின் பெயருக்கே வரும் என்பதால், தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகியும் பெயர் மாற்றப்படாத வீடுகளில் அந்தக் கடிதம் யார் கைக்கும் சேராமல் போகக்கூடும். நம் குடும்பங்களில் இது அரிதன்று. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் பெயரில் எழுத வைப்பதே பாதுகாப்பானது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிவு 21(6)இன் அறிவிப்பு, அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான், இன்னும் நடப்புக்கு வராத நிலையில் கட்டாயமாகிறது. நடப்பில் இருக்கும் இடத்தில் அந்த மனை எந்த மண்டலமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதே பெரும்பாலும் விவகாரத்தைத் தீர்மானித்துவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த மனைக்கு எந்தத் திட்டம் நடப்பில் உள்ளது, அதில் இது குடியிருப்பா வணிகமா என்பதாகும். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்களில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உணவகத்துக்கு எதிராகப் பிறகு எழுதும் பத்துக் கடிதங்களைவிட அப்போது எழுதும் ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

கோப்பைப் பார்ப்பது

தீவில் இருப்பவர்கள் கொம்தாரில் உள்ள பினாங்கு மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்கும், பெருநிலத்தில் இருப்பவர்கள் பண்டார் பெர்டாவில் உள்ள செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் அறிவிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் செல்ல வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை வைத்துக் கடிதம் எழுதக் கூடாது. அங்கே தள வரைபடம், திட்டமிடுநர் தயாரித்த மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கை, இருந்தால் போக்குவரத்துத் தாக்க அறிக்கை ஆகிய மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். கோப்பு எண், மனை எண், மனை அமைந்த நிலப் பிரிவாகிய முக்கிம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு, வரைபடத்தில் வண்டி நுழையும் வாய், வெளியேறும் வாய், ஆர்டர் எடுக்கும் ஒலிபெருக்கிக் கம்பம், சமையலறைப் புகைபோக்கி, குப்பை அறை ஆகிய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். இந்த ஐந்தில் எத்தனை உங்கள் பின்சுவரை நோக்கி இருக்கின்றனவோ, உங்கள் கடிதத்துக்கு அத்தனை பத்திகள் கிடைத்துவிட்டன.

நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி மனையின் பட்டாவையும் தேடிப் பார்ப்பது நல்லது. பட்டாவின் வெளிப்படை நிபந்தனை குடியிருப்புக் கட்டடம் என்று இருந்தால், திட்டமிடல் அனுமதி மட்டும் போதாது. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் மாநில அதிகாரத்திடம் நிபந்தனை மாற்றமும் பெற வேண்டும். விண்ணப்பதாரருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஆட்சேபக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவது நீங்கள் கோப்பைப் படித்திருக்கிறீர்கள் என்று காட்டும்.

எண்ணிப் பார்ப்பது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இப்படி ஒரு விண்ணப்பம் வந்தபோது, வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்குவதிலேயே முதல் இரண்டு வாரங்களைச் செலவழித்துவிட்டோம். விசாரணையில் அந்தக் கையெழுத்துத் தாள்களை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த வண்டிக் கணக்கைத்தான் அதிகாரிகள் வாங்கிப் பார்த்தார்கள், படி எடுத்துக்கொண்டார்கள், அதை வைத்தே விண்ணப்பதாரரின் பொறியாளரிடம் கேள்வி கேட்டார்கள். கையெழுத்து உங்கள் விருப்பத்தைச் சொல்கிறது. மன்றத்துக்குத் தேவைப்படுவதோ அந்த மனையில் என்ன நடக்கும் என்பதற்கான சான்று.

கணக்கெடுக்கும் முறை எளிதானது. ஏற்கெனவே இயங்கும் அதே வகையான ஒரு கிளைக்கு வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமை இரவு, பள்ளி விடும் நேரம், நோன்பு மாதமாக இருந்தால் நோன்பு துறப்பதற்கு முந்திய ஒரு மணி நேரம் ஆகிய பொழுதுகளில் சென்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்கும் கார்களை எண்ணி எழுதி, நேரம் பதிவாகும்படி படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உணவு விநியோகிக்கும் மோட்டார் சைக்கிள்களைத் தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் அவை பெரும்பாலும் வரிசையில் நிற்காமல் சாலை ஓரத்தில் நிற்பவை. பிறகு வரைபடத்துக்குத் திரும்பி, ஒரு காருக்கு இடைவெளி உட்பட ஏறத்தாழ 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாலையிலிருந்து ஒலிபெருக்கிக் கம்பம் வழியாகப் பணம் செலுத்தும் சன்னல்வரை உள்ள பாதையின் நீளம் எத்தனை கார்களைக் கொள்ளும் என்று வகுத்துப் பார்க்கலாம். பாதை 60 மீட்டர் என்றால் பத்துக் கார்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பதினைந்து கார்கள் என்று இருந்தால், மீதி ஐந்து கார்கள் எங்கே நிற்கும் என்ற கேள்வியை வரைபடமே எழுப்பிவிடும். அந்த ஐந்து கார்கள் நிற்கும் முப்பது மீட்டரில் உங்கள் தாமானின் நுழைவாய் அமைந்திருந்தால் வேறு வாதம் தேவையில்லை.

போக்குவரத்துத் தாக்க அறிக்கை இருந்தால், அதில் எந்த நாள், எந்த மணிகளில் கணக்கெடுத்தார்கள் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அலுவலகம் செல்லும் காலை நேரத்தையும் திரும்பும் மாலை நேரத்தையும் மட்டும் அளந்துவிட்டு, உணவகத்தின் உண்மையான உச்ச நேரமாகிய வார இறுதி இரவை விட்டிருந்தால், அதைக் கடிதத்தில் நேரடியாகச் சுட்டிக்காட்டுங்கள். கோயில் அருகில் இருந்தால் திருவிழா நாள்களில் சாலை அடைபடும் நேரங்களும் வண்டி நிறுத்தும் நிலையும் இதே கணக்கில் சேரும். உணவகத்தில் மாட்டிறைச்சி விற்பார்கள் என்பதை ஆட்சேபத்தின் முதல் காரணமாக எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த மன வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டமிடல் அதிகாரி எடைபோடுவது நிலப் பயன்பாட்டையே அன்றி உணவுப் பட்டியலை அன்று. கோயிலின் தேர்வழியை வண்டி வரிசை மறிக்கும் என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓசை, வெளிச்சம், எண்ணெய் மணம் ஆகியவற்றையும் இதேபோல் இடத்தோடு கட்டி எழுத வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் ஓசை வழிகாட்டி இரவு 10 மணி முதல் காலை 7 மணிவரையிலான நேரத்துக்குப் பகலைவிடக் கடுமையான வரம்பு வைத்திருப்பதால், 24 மணி நேரம் திறந்திருக்கும் கடையின் ஒலிபெருக்கி உங்கள் படுக்கையறைச் சன்னலிலிருந்து எத்தனை மீட்டர் என்பது முக்கியமான எண்ணாகும். திரும்பும் கார்களின் முன்விளக்கு எந்த வீடுகளின் சுவரில் விழும், அதிகாலையில் சரக்கு லாரி எந்தப் பக்கம் பின்னால் வரும், எண்ணெய் வடிப்பான் எந்தக் கால்வாயோடு இணைகிறது என்பவற்றுக்குத் தலா இரண்டு வாக்கியங்கள் போதும். வீட்டு விலை குறையும், பக்கத்து மாமாக் கடைக்கு வியாபாரம் போய்விடும், ஏற்கெனவே இதுபோல் மூன்று கடைகள் உள்ளன போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவை வலுவான காரணங்களையும் நீர்த்துப்போகச் செய்யும்.

கடிதமும் விசாரணையும்

கடிதத்தை மலாய் மொழியில் எழுதுங்கள். மேலே கோப்பு எண்ணும் மனை எண்ணும், அடுத்து உங்கள் நிலத்தின் மனை எண்ணும் அது விண்ணப்ப மனையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதும், பிறகு எண்ணிட்ட காரணங்களும் வர வேண்டும். ஒரு காரணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக இதைக் கொள்ளலாம்: ‘வரைபடத்தின்படி வெளியேறும் வாய் எங்கள் தாமானின் ஒரே நுழைவுச் சாலையில் திறக்கிறது, இணைப்பில் உள்ள கணக்கின்படி உச்ச நேரத்தில் வரிசை இந்தச் சந்திப்பைத் தாண்டும், எனவே அவசர ஊர்திகள் தாமானுக்குள் வர வழி இருக்காது.’ ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் சன்னலிலிருந்து தெரிவதைத் தனிக் கடிதமாக எழுதுவது, எல்லோரும் ஒரே வாசகத்தில் கையெழுத்திடுவதைவிடச் சிறந்தது. கடைசியில், என்னை நேரில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்ற ஒரு வரியை மறக்காமல் சேருங்கள், ஏனென்றால் பிரிவு 21(7)இன்படி மன்றம் அழைத்து விசாரிக்கக் கடமைப்பட்டிருப்பது ஆட்சேபத்தில் அவ்வாறு கேட்டவர்களையே. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்பலாம்; அவர்களிடம் கொடுத்ததே மன்றத்தில் கொடுத்ததாகிவிடாது.

ஆட்சேபம் கிடைத்த 30 நாள்களுக்குள் விசாரணை நடத்தப்பட வேண்டும் என்பது விதி. எதிர்ப்பக்கம் திட்டமிடுநர், கட்டட வரைவாளர், போக்குவரத்துப் பொறியாளர் என்று ஒரு குழுவே வந்து திரையில் படம் காட்டும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். போக்குவரத்தை ஒருவர், ஓசையை ஒருவர், கேட்கும் நிபந்தனைகளை ஒருவர் என்று பிரித்துக்கொண்டு பேசினால் நேரம் வீணாகாது. விண்ணப்பத்தை முழுவதும் நிராகரிக்கச் சொல்லிவிட்டு, அது முடியாதெனில் இந்த நிபந்தனைகளை விதியுங்கள் என்று எழுதிக் கொடுப்பதைச் சிலர் தோல்வியை ஒப்புக்கொள்வதாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. வெளியேறும் வாயைப் பெருஞ்சாலைப் பக்கம் மாற்றுவது, இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்தி ஊழியர் நேரில் ஆர்டர் எடுப்பது, பின்புறம் ஓசை தடுக்கும் சுவர் எழுப்புவது, புகைபோக்கியை எதிர்த் திசைக்குத் திருப்புவது, சரக்கு இறக்கும் நேரத்தை வரையறுப்பது ஆகியவை அனுமதிக் கடிதத்தில் எழுத்தாக ஏறிவிட்டால், அவை பிற்காலத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய கைப்பிடிகள் ஆகும்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். நீதிமன்றத்தில் சீராய்வு கோருவதாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணை தரும் காலம் மூன்று மாதங்கள். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் காலடி வைக்க வேண்டாம்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினருக்கு இந்தக் குறிப்பை அனுப்புபவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நடப்பது சட்டம் 172 அன்று. 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமாகிய சட்டம் 267. அனுமதியின் பெயரும் மேம்பாட்டு ஆணை என்பதாகும். மேலே சொன்ன பிரிவு எண்களையும் நாள் கணக்கையும் அங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஆனால் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 2017இல் வழங்கப்பட்ட மேம்பாட்டு ஆணை செல்லாது என்பதை உறுதிப்படுத்தியது. நகரின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்கு வழிகாட்டும் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகும் அதிகாரி அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியதால், தலைநகரில் ஆட்சேபம் எழுதுபவர் திட்டத்தின் எந்தப் பகுதிக்கு விண்ணப்பம் முரணானது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

கடை திறந்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்கீழ் வணிக உரிமத்துக்கு மன்றம் நிபந்தனை விதிக்கலாம், காரணம் கூறாமலேயே அதை ரத்தும் செய்யலாம். ஆகவே திறந்த முதல் வாரத்திலிருந்தே வரிசை தாமான் வாயிலை மறித்த நாள், நேரம், நள்ளிரவில் ஒலிபெருக்கி கேட்ட நேரம் ஆகியவற்றைப் பழைய நோட்டுப் புத்தகத்திலேயே தொடர்ந்து எழுதி, உரிமம் புதுப்பிக்கப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அனுமதிக் கடிதத்தின் எந்த நிபந்தனை எந்த நாளில் மீறப்பட்டது என்று பக்கவாட்டில் குறித்து, அதன் நகலை மன்றத்தின் உரிமப் பிரிவில் முத்திரை பெற்றுக் கொடுங்கள்.