ஆம்புலன்ஸ் பணிக்கு என்ன படிக்க வேண்டும்: நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளியான கையோடு, வள்ளியூரிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் பெற்றோர் சிலர் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலுடன் என்னிடம் வருவார்கள். "பாராமெடிக்கல் சேக்கணும் அண்ணாச்சி, எங்க சேக்கலாம்?" என்பதே பெரும்பாலும் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். குழப்பமும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊரில் பாராமெடிக்கல் என்றால் இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கம் என மருத்துவமும் செவிலியமும் அல்லாத துணைநிலைப் படிப்புகள் அனைத்தையும் குறிக்கும். விபத்து நடந்த இடத்துக்கே சென்று, நோயாளியைத் தூக்கி, மருத்துவமனை வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் அவசர மருத்துவப் பணியாளரின் படிப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. பிள்ளை விரும்புவது இந்தப் பணியைத்தானா, அல்லது மருத்துவமனை வேலை ஏதாவது ஒன்று கிடைத்தால் போதுமா என்பதை விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே வீட்டில் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பணிக்கு வர மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடத்தப்படும் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு. மூன்று ஆண்டுகள் பாடம், அதன்பின் ஓராண்டு கட்டாய உள்ளிருப்புப் பயிற்சி என மொத்தம் நான்கு ஆண்டுகள் இதற்கு ஒதுக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களும், உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே இணையவழி விண்ணப்பம் தொடங்கிவிடும் என்பதால், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வராமல் கடைசி நாளில் பதறிய பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எத்தனை இடங்கள் என்பது அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள மருத்துவக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டிராமல், மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடைபெறும் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பு. குடும்பச் சூழல் காரணமாக விரைவில் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளில் 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று வரையறுக்கிறது. எனவே ஓராண்டுச் சான்றிதழோடு நின்றுவிடாமல், வேலை பார்த்துக்கொண்டே அடுத்த படிப்புக்கும் திட்டமிட வேண்டும். பட்டப்படிப்புக்கு மதிப்பெண்ணும் வசதியும் இருப்பவர்கள் பட்டத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது வழி பலருக்கும் தெரிவதில்லை. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 சேவைக்கான ஆள்சேர்ப்பு முகாம்களில் மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) முடித்தவர்களை மட்டுமின்றி, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியல் படித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வயது வழக்கமாக 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறு மற்றும் முதலுதவி குறித்த நேர்காணல், அதன்பின் ஏறக்குறைய 50 நாள் பயிற்சி. பணி பகலிலும் இரவிலும் மாறி மாறிப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும். விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் ஒவ்வோர் அறிவிப்பையும் புதிதாகப் படியுங்கள்.

தனியார் நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. என் உறவினர் மகன் ஒருவன், மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகளில் நடந்த நிறுவனத்தில், நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் 'எமர்ஜென்சி டிப்ளமோ' முடித்தான். வேலைக்குச் சென்ற இடத்தில், அந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் எந்த அரசுத் துறையும் அங்கீகரிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் நேரில் சென்று பார்த்தபோது, நெஞ்சை அழுத்திப் பழக வைத்திருந்த பொம்மை, அது வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் மூலையில் கிடந்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழை வழங்குவது யார்? அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா? பயிற்சிக்காக மாணவர்களை எந்த மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, எத்தனை மாதங்கள் அனுப்புகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சிக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். நன்றாகப் பயன்படும் பொம்மையின் நெஞ்சுப் பகுதியில் கைபட்டுத் தேய்ந்த தடம் இருக்கும்.

படிப்பில் சேர்ந்த பிறகு புத்தகத்தைவிடக் கைக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதயத் துடிப்பு நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்பதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். இரண்டு நிமிடம் அந்த வேகம் குறையாமல் அழுத்துவதற்கோ மாதக்கணக்கில் பழக வேண்டும். மூச்சு நின்றவருக்கு அம்பு பேக் எனும், முகமூடியுடன் கையால் பிழியும் பையை வைத்துக் காற்று செலுத்துவதை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் முகமூடியின் மேல் வளைந்து அதை முகத்தோடு அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பற்றி மேல்நோக்கித் தூக்க வேண்டும். அந்த மூன்று விரல்களும் எலும்பை விட்டு நழுவிக் கீழுள்ள சதையில் அழுந்தினால் நாக்கு பின்னால் தள்ளப்பட்டுக் காற்றுப்பாதை அடைபடும். பையை எவ்வளவு பிழிந்தாலும் நெஞ்சு எழும்பாது. நாடித் துடிப்பு இருக்கும், வயது வந்த நோயாளி என்றால் ஆறு நொடிக்கு ஒரு முறை, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் பிழிந்தால் போதும். பயத்தில் வேகவேகமாகப் பிழிவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. முதல் வாரத்தில் நானும் செய்திருக்கிறேன். காற்று வயிற்றுக்குள் போய் நோயாளி வாந்தி எடுப்பார்.

பாடத்திட்டம் எங்கும் ஒன்றுதான் என்றாலும், நம் பக்கத்தில் வரும் அழைப்புகளுக்கென்று ஒரு முகம் உண்டு. நான்குவழிச் சாலையில் நாங்குநேரிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையே நடக்கும் வாகன விபத்து, வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சச் சென்றவரைத் தீண்டிய பாம்பு, தாமிரபரணிப் படித்துறையில் மூழ்கிய சிறுவன், திசையன்விளைப் பக்கத்தில் பனையிலிருந்து விழுந்த தொழிலாளி. பனையிலிருந்து விழுந்தவரைப் பதற்றத்தில் நாலு பேர் கை கால்களைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள்; முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிக்கை சொல்ல, மற்ற மூவரும் ஒரே நேரத்தில் உடலை மரக்கட்டைபோல் உருட்டிப் பலகையில் ஏற்றும் முறையை நண்பர்களையே படுக்க வைத்துப் பழகுங்கள். பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டுப் போடுவதும் கீறி விடுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மொழி குறித்தும் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில்; நோயாளி பேசுவது நம்மூர்த் தமிழில். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் திணறுவது இயல்பே என்பதால், ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே அதன் பொருளையும், அதே தொல்லையை நம் மக்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஆச்சி ஒருவர் "ஒண்ணுமில்லய்யா, வாய்வு பிடிச்சிருக்கு, நெஞ்சு கரிக்கு, மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றால், அதை வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் மாரடைப்பாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, உடனே இ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள இடத்தை நோக்கி வண்டியைத் திருப்பச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் வாய்வு என்ற சொல் இருக்காது. இதில் நம் பிள்ளைகள் வெளியூர்க்காரர்களைவிட ஒரு படி மேலேயே தொடங்குகிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இரவுப் பணி ஒத்துவருமா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிரசவ அழைப்புகள் நிறைய வரும் சேவை இது. நடு இரவில் வலியோடு வண்டியில் ஏறும் பெண்ணுக்கு, பக்கத்தில் இன்னொரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்தில் செய்முறைப் பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதி, அன்றைய பணி மருத்துவரிடம் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள். மாத முடிவில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் வேறு பிரிவுக்கோ வேறு ஊருக்கோ மாறிப் போயிருப்பார். அந்தப் பதிவேட்டை முதலாண்டு முதல் ஒரே பையில் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு வேலைக்கான நேர்காணலில், எத்தனை பேருக்கு ஊசி ஏற்றினீர்கள், எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அதைத் திறந்து காட்டிப் பதில் சொல்லலாம்.