ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்: குளிர்காலக் கடலோரப் பறவை நோக்கலுக்கு ஒரு குழு வழிகாட்டி

காட்டில் பறவை பார்க்கச் செல்பவர்கள் விடியலைக் கணக்கிட்டுப் புறப்படுவது வழக்கம். கடலோரத்தில் அந்தக் கணக்கு பாதிதான் கைகொடுக்கும். சேற்றுவெளியில் இரை தேடும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் பொழுதை வகுத்துக் கொடுப்பது கடலின் ஏற்றமும் வற்றமுமே. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவை பரந்த சேற்றுவெளியெங்கும் சிதறி மேய்வதால், கரையில் நிற்பவருக்கு அசையும் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கி, பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கத் தொடங்கும். குளிர்கால வலசைப் பறவைகளைக் குழுவாகப் பார்க்கும் கலை முழுவதும் இந்த ஒரு நிகழ்வைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து: நாம் பறவைகளை நோக்கி நடக்கக் கூடாது, சரியான இடத்தில் முன்கூட்டியே சென்று அமர்ந்து, கடல் அவற்றை நம்மை நோக்கி அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் நிகழும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி இருப்பதால், இன்று காலை 8 மணிக்கு உச்சத்தைத் தொட்ட ஓதம் நாளை 8.50 வாக்கில்தான் உச்சத்தைத் தொடும், ஒரு வாரத்தில் அது பிற்பகலுக்கு நகர்ந்துவிடும். ஞாயிறுதோறும் காலை 6 மணி என்று நிலையாக அறிவித்துவிடும் குழுக்கள் பல நாட்களில் பறவையில்லாத சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இதுவே காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும்; அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. உயர்ந்த ஏற்றம் சேற்றை முழுவதும் மூடிவிடுவதால் பறவைகள் மணல்திட்டு, உப்பளக் கரை போன்ற ஓய்விடங்களில் கூட்டமாக வந்து அடையும். குறைந்த ஏற்றத்தில் ஆங்காங்கே சேறு வெளியே தெரிந்துகொண்டிருக்கும். பறவைகளும் அங்கேயே தங்கிவிடும். எனவே புதியவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்து, பகல் வெளிச்சத்தில் ஏற்றம் வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, உச்சத்துக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே அனைவரும் இடத்தில் இருக்கும்படி திட்டமிடுவது நல்லது. குறுகிய முகத்துவாரம் கொண்ட காயல்களில் ஏற்றம் தாமதமாகவும் வலுவிழந்தும் வரும். கடலிலிருந்து கரைநோக்கி வீசும் பலத்த காற்றும் அட்டவணை சொல்வதைவிட நீரை உயர்த்திவிடும். இவற்றை அந்தந்த இடத்தில் நேரில் கவனித்தே அறிய முடியும்.

அதனால் வழிநடத்துபவர் அதே அளவு ஓதமுள்ள மற்றொரு நாளில் தனியாக ஒருமுறை சென்று வர வேண்டும். பறவைகள் எங்கே அடைகின்றன, குழு எங்கே நின்றால் கதிரவன் முதுகுப்பக்கம் இருக்கும், வரும் வழியில் எந்த ஓடை ஏற்றத்தின்போது நிரம்பித் திரும்பும் பாதையை அடைத்துவிடும் என்ற மூன்றையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்கு நோக்கிய கரையில் காலை வெளிச்சம் கடலிலிருந்து கண்ணில் அடிக்கும். அங்கே எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும் என்பதால், பிற்பகல் ஏற்றமோ உட்புறக் காயலின் கிழக்குக் கரையோ பொருத்தமாக இருக்கும். உப்பளங்கள் பெரும்பாலும் உரிமையாளர் உள்ள நிலங்கள். அங்கே நுழைய முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும்.

குழு பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் ஆட்கள் சேர்ந்தால் இரண்டு குழுக்களாகப் பிரித்து வேறுவேறு இடங்களுக்கு அனுப்பலாம். முன்னால் ஒருவர் வழிநடத்த, கடைசியில் ஒருவர் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள, மூன்றாமவர் பட்டியலை எழுத வேண்டும். இருநோக்கியில் 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) என்ற அளவு கடலோரத்துக்கு மிகப் பொருத்தமானது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஐந்தாறு பேருக்கு ஒரு முக்காலித் தொலைநோக்கியாவது வேண்டும், ஏனெனில் சேற்றுவெளியில் அடையாளம் காணும் வேலையின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் நடக்கும். அதை 20 முதல் 30 மடங்கில் வைத்துக்கொள்வதே போதுமானது. வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் கானல் அலைவு 60 மடங்கில் உருவத்தையே கலைத்துவிடும். முக்காலியைக் குழுவில் உயரம் குறைந்தவருக்கு ஏற்ப நிறுத்துங்கள். மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். முதன்முறை இருநோக்கி பிடிப்பவருக்கு, பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்தும் பழக்கத்தைப் புறப்படும் இடத்திலேயே ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டால், அன்றைய நாள் அவருக்கு வீணாகாது. உடை மங்கிய நிறத்தில், காற்றைத் தடுப்பதாக இருந்தால் போதும்.

இனி, எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்விடத்தில் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகிறகுக்குள் செருகி, காற்றுக்கு முகம் காட்டி நிற்கும் கூட்டம் சும்மா பொழுது போக்கவில்லை. அடுத்த வற்றத்துக்காகவும் அடுத்த பயணத்துக்காகவும் உடலில் சேர்த்த கொழுப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. 2022 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன் பறவை அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. அத்தகைய பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் இரைதேடும் நிலத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்ததுதான். நாம் ஒருமுறை கூட்டத்தை எழுப்பினால் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு செலவாகிறது. ஒரே நாளில் மூன்று குழுக்கள் எழுப்பினால் செலவு மும்மடங்கு.

எத்தனை மீட்டர் என்று ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. பெரிய கோட்டான்கள் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) வெகு தொலைவிலேயே எழுந்து போகும். கொசு உள்ளான்கள் நாம் அருகில் செல்லும் வரை பொறுத்திருக்கும். கலவைக் கூட்டத்தில் மிகவும் அஞ்சும் இனத்தைப் பார்த்தே தொலைவை முடிவு செய்யுங்கள், ஏனெனில் அது எழுந்தால் மற்றவையும் எழும். பறப்பதற்கு முன்பே பறவைகள் பல அறிகுறிகளைக் காட்டும். முதலில் அலகை வெளியே எடுத்துத் தலையை நிமிர்த்தும். மேய்பவை மேய்ச்சலை நிறுத்தும். பிறகு நெருங்கிக் கூடி, நம்மிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கும். சிலவற்றின் எச்சரிக்கைக் குரலும் கேட்கும். தலைகள் நிமிர்ந்த அந்தக் கணத்திலேயே குழு நிற்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் அவை மீண்டும் அடங்காவிட்டால் பின்வாங்க வேண்டும். நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். கடற்கரை முழுவதும் பரவி நடக்கும் பத்துப் பேர் பறவைகளுக்கு ஒரு சுற்றிவளைப்பாகவே தோன்றுவார்கள். இடத்தை அடைந்ததும் அமர்ந்துவிடுங்கள். கையை நீட்டிச் சுட்டுவதற்குப் பதிலாக, எதிரே தெரியும் ஒரு கம்பத்தையோ படகையோ 12 மணி என்று வைத்துக்கொண்டு, அதற்கு வலப்புறம் 2 மணித் திசையில் மூன்றாவது பறவை என்று தாழ்ந்த குரலில் சொன்னால் அனைவருக்கும் விளங்கும். டிரோன் பறக்கவிடுவதையும், நாயை அழைத்து வருவதையும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை நோக்கி ஓடுவதையும் வழிநடத்துபவர் புறப்படும் முன்பே திட்டவட்டமாகத் தடுத்துவிட வேண்டும். சில வேளைகளில் வல்லூறு ஒன்று தாழப் பறந்து வந்து கூட்டம் முழுவதையும் எழுப்பிவிடும். அப்போது அசையாமல் இருங்கள். அது போனபின் பறவைகள் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும்.

அடையாளம் காண்பதில் புதியவர்களை மிகவும் தளர்த்துவது, குளிர்கால இறகுத் தோற்றத்தில் பெரும்பாலான பறவைகள் மேலே சாம்பல் கலந்த பழுப்பும் கீழே வெண்மையுமாக ஒன்றுபோல இருப்பதே. நிறத்தை ஒதுக்கிவைத்து அலகு, கால், நடத்தை என்ற வரிசையில் பாருங்கள். உப்புக்கொத்திகள் பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்டு, ஓடி, நின்று, குனிந்து ஒன்றைக் கொத்தி, மறுபடி ஓடும். பார்வையை நம்பி வேட்டையாடும் முறை அது. ஒன்றின் மீது தொலைநோக்கியைப் பொருத்திச் சில நிமிடங்கள் பொறுமையாக இருந்தால், ஒரு காலை முன்னே நீட்டி ஈரச் சேற்றின் மேல் படபடவென்று நடுக்குவதைக் காணக்கூடும். அந்த அதிர்வில் அசையும் சிற்றுயிரைத்தான் அடுத்த நொடியில் கொத்துகிறது. உள்ளான்களோ தலை நிமிராமல் சேற்றைத் துழாவிக்கொண்டே நகரும், ஏனெனில் அவற்றில் பலவற்றுக்கு அலகு நுனியே தொட்டுணரும் உறுப்பு. கருவால் மூக்கன் பறக்கும்போது இறக்கையில் அகன்ற வெண்பட்டை பளிச்சிடும். பட்டைவால் மூக்கனுக்கு அது இல்லை. பவளக்கால் உள்ளான் எழும்போது இறக்கையின் பின்விளிம்பு வெண்மையாகத் தெரியும். சாம்பல் உப்புக்கொத்தி பறக்கையில் இறக்கைக்கு அடியில், உடலோடு சேரும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும்; பொன்னிற உப்புக்கொத்தியிடம் அதைக் காண முடியாது. பெரிய கோட்டானையும் சிறு கோட்டானையும் பிரிக்க, அலகின் நீளத்தோடு சிறு கோட்டானின் தலையில் உள்ள கரும்பட்டைகளையும் பாருங்கள். கடற்காகங்கள் முதிர்ந்த நிறத்தை அடைய இனத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், முதல் நாளில் அவற்றின் இளம்பருவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். உறுதியில்லாத பறவையை ‘உள்ளான் இனம்’ என்று எழுதுவதில் குறையொன்றும் இல்லை. தவறான பெயர்தான் பட்டியலைக் கெடுக்கும்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் பரப்பை மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே அளவுப் பரப்பு எத்தனை முறை பொருந்துகிறது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறு நூறாகக் கணக்கிடலாம். இருவர் தனித்தனியே எண்ணி முடித்தபின் மட்டுமே ஒப்பிட வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடைபெற்று வருகிறது. அதில் பங்கேற்க விரும்பும் குழுவுக்கு இந்தப் பயிற்சி நேரடியாக உதவும். காலில் வண்ணக் கொடி கட்டிய பறவை தென்பட்டால், எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எழுத்து உண்டா என்பதை உடனே எழுதுங்கள். நிறச்சேர்க்கையே அது எங்கே கொடியிடப்பட்டது என்பதைச் சொல்லும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: நீர் ஏறும் நேரத்தில் யாரும் சேற்றுவெளிக்குள் இறங்கக் கூடாது. மென்சேறு முழங்கால் வரை பிடித்துக்கொள்ளும். முன்னால் வரும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் ஓடை நிரம்பிவிடும். திரும்பும் நேரத்தை வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குடிநீர், முதலுதவிப் பொருள், மின்னேற்றிய கைபேசி ஆகியவை வழக்கம்போல.

உச்சம் கடந்து ஒரு மணி நேரம் பொறுத்தால், வற்றும் நீரின் விளிம்பைத் தொடர்ந்து பறவைகள் மீண்டும் மேய இறங்குவதையும் காணலாம். கலைவதற்கு முன் அனைவரும் சேர்ந்து பட்டியலை வாசித்துச் சரிபார்த்து, அன்றே ஈபேர்டு (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவேற்றிவிடுங்கள். அரிய பறவை அடையும் சிறு ஓய்விடத்தின் துல்லியமான அமைவிடத்தைப் பொதுவில் பரப்ப வேண்டாம். வீடு திரும்பியதும் நோக்கிக் கருவிகளின் கண்ணாடிகளை உலர் துணியால் தேய்க்காமல், முதலில் மணலை ஊதி அகற்றி, உப்புப் படிவை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, முக்காலியின் கால்களை நன்னீரில் கழுவி விரித்து உலர்த்துங்கள்.